பழைய ஜீப்பைக் கட்டி இழுக்கும் முன்பு கவனிக்க வேண்டியவை

உரமூட்டை ஏற்றவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், சேறும் மேடும் நிறைந்த தோட்டத்துப் பாதைகளில் போய்வரவும் பல ஆண்டுகள் உழைத்த பழைய ஜீப், இன்று மாட்டுக் கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்பதைப் பல ஊர்களில் காணலாம். மஹிந்திரா நிறுவனத்தார் 1947-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கினர். அந்த வரிசையில் வந்த வண்டிகள், அரைநூற்றாண்டு கடந்தவையும்கூட, சீர்செய்தால் மீண்டும் ஓடக்கூடியவை. பாகங்கள் குறைவு, அமைப்பும் எளிது.

ஆனால் சீர்செய்ய வேண்டுமானால் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். எஞ்சின் ஓடாத நிலையில், சாதாரணமாகச் செய்யப்படுவது என்ன? கியர்க் கம்பியை நியூட்ரலில் தள்ளிவிட்டு, முன் பம்பரில் கயிற்றைக் கட்டி, டிராக்டரால் இழுத்துக்கொண்டு போவதுதான். 25, 30 கிலோமீட்டர் தொலைவு இப்படி இழுத்துச் சென்ற பிறகு, எஞ்சின் மட்டும் பழுதாக இருந்த வண்டியில் கியர்பெட்டியும் பழுதாகிவிடுவது உண்டு. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்னே போகும் டிராக்டரின் மீது ஜீப் மோதுவதும் உண்டு. முன்னதில் பணம் போகும். பின்னதில் உயிரே போகும்.

நான்கு சக்கரங்களும் தரையில் உருள ஒரு வண்டியை இழுத்துச் செல்வதற்கு முன்னேற்பாடுகள் உண்டு. ஒரு நாள் வேலைதான். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பழைய ஜீப் போன்ற வண்டிகளுக்கு எவற்றைச் செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

நியூட்ரல் இரண்டு உண்டு

சாதாரணக் காரில் கியர்பெட்டி ஒன்றுதான். ஜீப்பில் அதன் பின்னால் இன்னொரு சிறிய பெட்டியும் இருக்கிறது. இதை 'டிரான்ஸ்பர் கேஸ்' என்பார்கள். துணைக் கியர்பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சினின் விசை முதலில் பெரிய கியர்பெட்டிக்கு வந்து, அங்கிருந்து துணைக் கியர்பெட்டிக்குச் சென்று, பிறகு முன்னும் பின்னும் உள்ள இரு புரொபெல்லர் ஷாப்ட்டுகள் வழியாக ஆக்சில்களுக்குப் போகிறது.

இதனால் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், கியர்க் கம்பியைத் தவிர, மேலும் இரண்டு சிறிய கம்பிகள் இருக்கும். ஒன்று முன் ஆக்சிலுக்கு விசையை இணைக்கவும் பிரிக்கவும் பயன்படுவது. மற்றொன்று 'ஹை', 'லோ' என்னும் வேகம், விசை மாற்றத்துக்கு உரியது. இந்த இரண்டாவது கம்பிக்கு நடுவில் ஒரு நியூட்ரல் நிலை உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. அன்றாட ஓட்டத்துக்கு அது தேவைப்படாது. வண்டியைக் கட்டி இழுக்கும்போதோ அதுதான் முக்கியம். பிற்காலத்தில் வந்த சில வண்டிகளில் இவ்விரண்டு வேலைகளையும் ஒரே கம்பி செய்யும். எந்த வண்டியானாலும், எந்தக் கம்பியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பது டாஷ்போர்டுத் தகட்டிலோ கம்பியின் குமிழிலோ குறிக்கப்பட்டிருக்கும். தகடு தேய்ந்து எழுத்து தெரியாவிட்டால், அந்த வண்டியை நன்கு அறிந்த மெக்கானிக்கிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கியர்பெட்டி ஏன் கெடுகிறது?

பெரிய கியர்பெட்டியை மட்டும் நியூட்ரலில் விட்டு இழுத்தால் என்ன கேடு என்று கேட்கலாம். காரணம் எண்ணெயில் இருக்கிறது.

கியர்பெட்டிக்குள் கீழே ஒரு பல்சக்கரத் தொகுதி எண்ணெயில் தோய்ந்து கிடக்கிறது. எஞ்சின் ஓடும்போது அது சுற்றி, எண்ணெயை வாரி மேலே இறைக்கிறது. மேலே உள்ள மெயின் ஷாப்ட்டும், அதன்மீது அமர்ந்துள்ள பல்சக்கரங்களின் புஷ்களும் இந்தத் தெளிப்பினால்தான் எண்ணெய் பெறுகின்றன. இதற்குத் தனியாகப் பம்ப் எதுவும் கிடையாது.

எஞ்சின் நின்றிருக்கும்போது வண்டியை இழுத்தால் நிலைமை தலைகீழாகிறது. பின் சக்கரங்கள் உருண்டு, புரொபெல்லர் ஷாப்ட்டைச் சுற்றி, துணைக் கியர்பெட்டி வழியாக மெயின் ஷாப்ட்டையும் சுற்றுகின்றன. கீழே இருக்கும் பல்சக்கரத் தொகுதியோ அசையாமல் நிற்கிறது. எண்ணெய் மேலே ஏறுவதில்லை. மெயின் ஷாப்ட் காய்ந்த புஷ்ஷுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இது எவ்வளவு சுற்று என்பதைக் கணக்கிட்டால் ஆபத்து விளங்கும். ஜீப்புக்கு உரிய 6.00-16 அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 450 முறை உருளும். சி.ஜே.3பி ஜீப்பின் ஆக்சிலில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் புரொபெல்லர் ஷாப்ட் 5.38 சுற்று சுற்றும். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2,400 சுற்று. பட்டறை 30 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், அங்கே போய்ச் சேருவதற்குள் மெயின் ஷாப்ட் 70,000 சுற்றுக்கு மேல் எண்ணெயின்றிச் சுற்றியிருக்கும். மெதுவாக இழுத்தால் சூடு குறையுமே தவிர, சுற்றின் எண்ணிக்கை குறையாது.

துணைக் கியர்பெட்டியை நியூட்ரலில் வைத்தால் இந்தக் கேடு இல்லை. அப்போது சக்கரங்களின் சுழற்சி துணைக் கியர்பெட்டியின் வெளிவரும் ஷாப்ட்டோடு நின்றுவிடுகிறது. அந்த ஷாப்ட் பெட்டியின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் எண்ணெயில் தோய்ந்தபடியே சுற்றும். பெரிய கியர்பெட்டிக்குச் சுழற்சி போவதில்லை.

சரியாக விழுந்திருக்கிறதா என்று சோதித்தல்

பழைய வண்டிகளில் கம்பி நியூட்ரலில் இருப்பதுபோலத் தோன்றும்; உள்ளே பல்சக்கரம் முழுவதும் விலகாமல் இருக்கும். ஆகவே கண்ணால் பார்த்து நம்பாமல் சோதித்து அறிய வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஓர் அடி தள்ளி முட்டுக்கட்டை போட வேண்டும். முன் ஆக்சில் கம்பியைப் பிரித்த நிலையிலும், துணைக் கியர்பெட்டிக் கம்பியை நியூட்ரலிலும் வைக்க வேண்டும். பிறகு பெரிய கியர்பெட்டியை டாப் கியரில் போட்டு, கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். கைப்பிரேக்கை விடுவித்து இருவர் தள்ளிப் பார்க்க வேண்டும். வண்டி தடையின்றி உருண்டால் துணைக் கியர்பெட்டி உண்மையிலேயே நியூட்ரலில் இருக்கிறது என்று பொருள். உருளாமல் முட்டி நின்றால், ஒன்று பல்சக்கரம் விலகவில்லை. அல்லது பிரேக் ஒட்டிப்பிடித்திருக்கிறது. ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும்.

சோதனை முடிந்த பிறகு பெரிய கியர்பெட்டியை டாப் கியரிலேயே விட்டுவிடலாம். மெயின் ஷாப்ட் சிறிதும் நகராமல் இருக்க அது உதவும். துணைக் கியர்பெட்டிக் கம்பி குலுக்கலில் நகராதபடி ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுதல் நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். துணைக் கியர்பெட்டி நியூட்ரலில் இருக்கும்போது, 'கியரில் போட்டிருக்கிறது, வண்டி நகராது' என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய கியர்பெட்டியில் எந்தக் கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். சரிவில் இதை மறந்து வண்டிக்கு முன்னால் குனிந்து கயிறு கட்டுவது உயிருக்கே ஆபத்து. கயிற்றைத் தொடும் முன் முட்டுக்கட்டை போட்டாக வேண்டும்.

புரொபெல்லர் ஷாப்ட்டைக் கழற்றுவது நல்லதா?

கம்பி ஆடுகிறது, நியூட்ரலில் நிலைக்கவில்லை, துணைக் கியர்பெட்டியின் எண்ணெய் ஒழுகிப் போயிருக்கிறது, அல்லது போக வேண்டிய தொலைவு அதிகம் என்றால் பின் புரொபெல்லர் ஷாப்ட்டைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. ஷாப்ட் இல்லாவிட்டால் பின் சக்கரங்களிலிருந்து எந்தச் சுழற்சியும் பெட்டிக்கு வராது.

கழற்றும் முன் ஷாப்ட்டும் அது சேரும் இடமும் பழையபடி பொருந்துவதற்கு வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இடம் மாறிப் பூட்டினால் வண்டி ஓடும்போது அதிரும். கிராஸின் கப்புகள் கழன்று விழுந்து, உள்ளே இருக்கும் ஊசி போன்ற சிறு உருளைகள் மண்ணில் சிதறிவிடக்கூடும். கப்புகளை ரப்பர் டியூப் துண்டாலோ டேப்பாலோ சுற்றிக் கட்டிவிட வேண்டும். நட்டுகளையும் யு போல்ட்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு வண்டிக்குள்ளேயே வைக்க வேண்டும்.

பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. துணைக் கியர்பெட்டியின் பின்புறம், புரொபெல்லர் ஷாப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம்மாக அமைந்திருக்கிறது. ஷாப்ட்டைக் கழற்றிவிட்டால் கைப்பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நிற்காது. ஆகவே ஷாப்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே நான்கு சக்கரங்களுக்கும் முட்டுக்கட்டை போட்டிருக்க வேண்டும். வழியெங்கும் இரண்டு கட்டைகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

முன் சக்கர ஹப்புகள்

சில ஜீப்புகளின் முன் சக்கரங்களில் கையால் திருப்பிப் பூட்டவும் விடுவிக்கவும் கூடிய ஹப்புகள் உண்டு. அவற்றை இரு பக்கமும் விடுவித்துவிட்டால் முன் சக்கரங்கள் மட்டும் தனியே உருளும். முன் ஆக்சிலும் முன் ஷாப்ட்டும் ஓய்வில் இருக்கும். ஒரு பக்கம் பூட்டியும் மறுபக்கம் விடுத்தும் வைக்கக் கூடாது. பல ஆண்டுகள் திருப்பாத ஹப் துருப்பிடித்து இறுகியிருக்கும். சுத்தியலால் அடிக்காமல், டீசல் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்துத் திருப்புவது நல்லது.

இத்தகைய ஹப் இல்லாத வண்டிகளில் முன் சக்கரத்தோடு முன் ஆக்சில், கிரவுன், முன் ஷாப்ட் யாவும் சுற்றும். அப்போது முன் ஆக்சில் கம்பி பிரித்த நிலையில் இருப்பதும், முன் கிரவுனில் எண்ணெய் இருப்பதும் கட்டாயம்.

எண்ணெயும் கிரீஸும்

முன் கிரவுன், பின் கிரவுன், பெரிய கியர்பெட்டி, துணைக் கியர்பெட்டி ஆகிய நான்கு இடங்களிலும் எண்ணெய் ஊற்றும் துளையின் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பார்க்க வேண்டும். துளையின் விளிம்பு மட்டத்துக்கு எண்ணெய் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் 90-ஆம் நம்பர் கியர் ஆயிலை நிரப்ப வேண்டும். எண்ணெய் மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அறியலாம். வாய்க்காலிலும் ஓடையிலும் இறங்கி ஏறிய வண்டிகளில் இது சகஜம். அதை முழுவதும் வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றிய பிறகே வண்டியை நகர்த்த வேண்டும்.

வருஷக்கணக்கில் நின்ற வண்டியின் சக்கர பேரிங்குகளில் கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் ஆகியிருக்கும். பேரிங்குகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, குழியோ நீலம் பாய்ந்த நிறமோ இருக்கிறதா என்று பார்த்து, புதுக் கிரீஸ் அடைத்துப் பூட்டுவது உத்தமம். கழற்ற வசதி இல்லையென்றால், ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். கரகரவென்று ஓசை வந்தாலும், சக்கரம் ஆடினாலும் அதைச் சரிசெய்யாமல் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது.

டயர்களும் ஸ்டியரிங்கும்

டயரில் பட்டன் மிச்சமிருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. வெயிலில் நின்ற டயரின் பக்கச் சுவர்களில் வெடிப்பு ஓடியிருக்கும். காற்றடித்ததும் நன்றாகத் தெரிந்தாலும், சூடேறியதும் வெடிக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் வந்த டயர்களில் நான்கு இலக்க எண் ஒன்றால் அதன் வயதை அறியலாம். 2314 என்றிருந்தால், அது 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. வெடிப்புள்ள டயர் என்றால், பட்டறைக்குப் போகும் அந்த ஒரு நாளைக்காவது வேறு டயர்களை இரவல் வாங்கிப் பூட்டுவது மேல். நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். காற்று முன் இரண்டிலும் சமமாகவும், பின் இரண்டிலும் சமமாகவும் இருக்க வேண்டும்.

ஸ்டியரிங்கில் கிங்பின், டை ராடு முனைகள், நடுவில் உள்ள பெல் கிராங்க் ஆகியவை தேய்ந்திருந்தால், இழுக்கும்போது முன் சக்கரங்கள் இடமும் வலமுமாகப் படபடவென்று உதறத் தொடங்கும். ஒருவர் ஸ்டியரிங்கை அசைக்க, மற்றொருவர் வண்டிக்கடியில் பார்த்தால் எங்கே தேய்வு என்பது தெரியும். சாவியோடு ஸ்டியரிங் பூட்டு உள்ள வண்டியாக இருந்தால், சாவியைத் திருப்பிப் பூட்டை விடுவித்த நிலையிலேயே இழுக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் சாவியை 'ஆன்' நிலையில் விட நேர்ந்தால், காயில் சூடாகிக் கருகாமல் இருக்க அதற்கு வரும் ஒயரைக் கழற்றிவிட வேண்டும்.

பிரேக் இல்லாத வண்டியைக் கயிற்றில் கட்டக் கூடாது

மற்ற எந்தக் குறையையும் ஓரளவு பொறுக்கலாம். பிரேக் குறையை மட்டும் பொறுக்க முடியாது. கயிற்றில் இழுக்கப்படும் வண்டியை நிறுத்துவது அதன் சொந்த பிரேக்தான். முன்னே போகும் டிராக்டரின் பிரேக் அல்ல.

பழைய ஜீப்பின் கால்பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய் வழி என்பதால், ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். பெடலை அழுத்தி ஒரு நிமிடம் காலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. சக்கரங்களின் உட்புறம், குழாய் இணைப்புகள், மாஸ்டர் சிலிண்டர் ஆகிய இடங்களில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் விசையால் உதவி பெறும் பிரேக் உள்ள வண்டிகளில், எஞ்சின் ஓடாதபோது பெடல் கல்போல் இறுகியிருக்கும். பிடிக்கும், ஆனால் இருமடங்கு பலமாக மிதிக்க வேண்டும். உட்காருபவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

எங்கே கட்டுவது?

ஜீப்பில் கட்ட வேண்டிய இடம் சேஸ்சின் முன் முனைகள், அல்லது சேஸ்சோடு போல்ட் போட்ட கொக்கிகள். பம்பர்த் தகடு, ஆக்சில், டை ராடு, ஸ்பிரிங் பட்டைகள் ஆகியவற்றில் கட்டக் கூடாது. சேஸ் முனை துருவேறி உளுத்திருக்கிறதா என்று சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்ல இரும்பு. மந்தமாகக் கேட்டுத் துகள் உதிர்ந்தால் அங்கே கட்டக் கூடாது.

டிராக்டரில் டிரெய்லர் மாட்டும் தாழ்வான கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். மேலே உள்ள டாப் லிங்க் இணைப்பிலோ, பின் ஆக்சிலுக்கு மேற்பட்ட வேறு இடத்திலோ கட்டினால், இழுவை கூடும்போது டிராக்டரின் முன்பக்கம் எழும்பிப் பின்னோக்கிக் கவிழ்ந்துவிடும். ஓட்டுநர் இறங்கித் தப்பிக்க நேரமே இருக்காது. டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்களை ஒன்றாகச் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கயிறா, இரும்புக் கம்பியா?

கயிற்றைவிட, இரு கால்களும் ஜீப்பின் சேஸ் முனைகளில் பொருந்தி, நுனி டிராக்டரின் கொக்கியில் சேரும் முக்கோண இரும்புக் கம்பி பாதுகாப்பானது. இடைவெளி மாறாது, வெட்டி இழுக்காது, இறக்கத்தில் ஜீப் முன்னே பாயாது. கம்பி ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். இப்படிக் கட்டிய வண்டியைப் பின்னோக்கித் தள்ளக் கூடாது. முன் சக்கரங்கள் ஒரு பக்கமாக முழுவதும் திரும்பி மடங்கி, டை ராடு வளைந்துவிடும். திருப்ப வேண்டுமானால் கம்பியைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளுவதே சரி.

கயிறுதான் கிடைக்கிறது என்றால், நைந்து போன கமலைக் கயிறோ, இழை அறுந்த இரும்பு வடமோ உதவாது. கெட்டியான நைலான் வடம் நல்லது. நடுவில் சிவப்புத் துணியொன்று கட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரு வண்டிகளுக்கும் இடையே சைக்கிளோ ஆடுமாடோ புகுந்துவிடும். வடம் இறுகியிருக்கும்போது அதன் அருகில் யாரும் நிற்கவோ அதைத் தாண்டவோ கூடாது.

விதிகள் சொல்வது

சாலையில் வண்டியைக் கட்டி இழுப்பதற்கு அரசு விதிகள் உண்டு. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள், பழுதான வண்டியைப் பட்டறை வரை இழுத்துச் செல்ல அனுமதித்தன. இழுக்கப்படும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் அதற்குரிய லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மிகக் கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பின்னால் 'ஆன் டோ' என்ற ஆங்கிலச் சொற்கள் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில், 75 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் தெரிய வேண்டும் என்று அவை வகுத்தன. 2017-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிமுறைகள் வந்தன. ஆகவே புறப்படும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. எனினும் மேற்சொன்ன அளவுகள் எக்காலத்துக்கும் பொருந்தும் பாதுகாப்பு அளவுகளே.

கயிற்றில் இழுக்கும்போது 24 கிலோமீட்டர் வேகம்கூட மிகுதிதான். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் ஐந்தரை மீட்டர் கடக்கிறது. கயிற்றின் நீளமோ 5 மீட்டருக்குள். டிராக்டர் சட்டென்று நின்றால், ஜீப்பில் இருப்பவர் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடிகூட இல்லை. ஆகவே கயிறு என்றால் மணிக்கு 10 கிலோமீட்டரே போதும்.

வழியில் செய்ய வேண்டியவை

பகலில், போக்குவரத்துக் குறைந்த நேரத்தில், நெடுஞ்சாலையைத் தவிர்த்து ஊர்ச் சாலை வழியாகப் போவது நல்லது. ஜீப்பின் பாட்டரி வேலை செய்யாது. விளக்கும் ஹாரனும் இருக்காது. பின்புறம் சிவப்பு முக்கோணப் பலகையும் இருபுறமும் சிவப்புக் கொடியும் கட்ட வேண்டும். ஜீப்பில் இருப்பவரிடம் ஒரு விசில் கொடுத்து, நிற்கச் சொல்ல ஒரு முறை, நகரச் சொல்ல இரு முறை என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். ஜீப்பில் அவரைத் தவிர வேறு யாரும், சிறுவர்கள் முக்கியமாக, ஏறக் கூடாது.

டிராக்டரை மெதுவாக நகர்த்திக் கயிறு இறுகிய பிறகே வேகம் கூட்ட வேண்டும். ஜீப்பில் இருப்பவர் பிரேக்கை லேசாகத் தொட்டுக் கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் டிராக்டரைச் சிறிய கியரில் இறக்க வேண்டும். கிளச்சை மிதிப்பதும் நியூட்ரலில் விடுவதும் கூடவே கூடாது.

புறப்பட்டு 2 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, முட்டுக்கட்டை போட்டு, நான்கு ஹப்புகளையும் இரு கிரவுன்களையும் துணைக் கியர்பெட்டியையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இருக்கலாம். கையை வைக்க முடியாத சூடு இருந்தால் அங்கே பேரிங் கடிக்கிறது, அல்லது பிரேக் ஒட்டுகிறது என்று பொருள். அந்தக் குறையைத் தீர்க்காமல் மேலே போகக் கூடாது. பிறகு பத்துப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை இவ்வாறே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

போகிற போக்கில் கியரில் போட்டு எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கலாம் என்ற ஆசை பலருக்கு வரும். இதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பல ஆண்டுகள் நின்ற எஞ்சின் உள்ளே இறுகியிருந்தால் பின் சக்கரங்கள் சட்டென்று பூட்டிக்கொள்ளும். வண்டி பக்கவாட்டில் இழுக்கும். எஞ்சின் கிளம்பிவிட்டாலோ டிராக்டரின் மேல் பாயும்.

போய்ச் சேர்ந்த பிறகு

பட்டறையில் கயிற்றை அவிழ்க்கும் முன் முட்டுக்கட்டை போட வேண்டும். துணைக் கியர்பெட்டி நியூட்ரலில் இருக்கிறது, அல்லது புரொபெல்லர் ஷாப்ட் கழற்றப்பட்டிருக்கிறது என்பதை மெக்கானிக்கிடம் வாயால் சொல்வதோடு, ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுவதும் நல்ல வழக்கம். அது தெரியாமல் ஒருவர் கட்டையை எடுத்துவிட்டு வண்டிக்கடியில் படுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இழுக்கவே கூடாத வண்டிகள்

பிரேக் அறவே இல்லாத வண்டி, சேஸ் உளுத்த வண்டி, ஸ்டியரிங் தளர்ந்த வண்டி, மலைப்பாதையில் இறங்க வேண்டிய வண்டி ஆகியவற்றை இழுத்துச் செல்லும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். இவற்றை லாரியில் ஏற்றி அனுப்புவதே முறை. மண்மேட்டையொட்டி லாரியை நிறுத்தினால் ஏற்றுவதும் கடினமல்ல. அண்மைக்காலத்து நான்கு சக்கர விசை வண்டிகளில், பொத்தானை அழுத்தி மாற்றும் துணைக் கியர்பெட்டிகள் சிலவற்றுக்கு நியூட்ரலே கிடையாது. அவற்றின் கையேட்டைப் படிக்காமல் நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுக்கக் கூடாது.

லாரி வாடகை மிகுதி என்று தோன்றலாம். ஆனால் பழைய ஜீப்பின் கியர்பெட்டிக்கு இன்று நல்ல பாகங்கள் தேடி அலைவதும், அவற்றைப் பூட்ட ஆகும் கூலியும் அதைவிட மிகுதி. ஜீப்பில் அமர்ந்து வருபவரின் உயிருக்கோ விலையே இல்லை. துணைக் கியர்பெட்டியில் நியூட்ரல், நான்கு இடங்களில் எண்ணெய், உறுதியான பிரேக், கைக்கெட்டும் தூரத்தில் முட்டுக்கட்டை என்ற இந்த நான்கையும் சரிபார்த்த பிறகு கயிற்றைக் கட்டினால், எந்தப் பழுதோடு ஜீப் புறப்பட்டதோ அந்த ஒரு பழுதோடு மட்டுமே பட்டறைக்குப் போய்ச் சேரும்.